வால் நீக்கி எடை

பதினாறாம் நாள். ராணிப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே
கணுக்கால் நனைக்கும் பாலாறு.
ஐயர் சொல்கிறார்:
யமபுரி வழியில் ஒரு நதி, வைதரணி.
சீழும் ரத்தமும் மயிரும் மிதக்கும்.
தானம் தந்த பசுவின் வாலைப் பிடித்தவன்
கரையேறுவான்.

அப்பா சிரித்திருப்பார்.
முப்பத்தோரு வருஷம் தோல் ஷாப்பில் கணக்கு.
அந்த நதியை தினமும்
சைக்கிளில் தாண்டித்தான் சாப்பிட வருவார்.
சுண்ணாம்பு நெடி
சோற்றுக் கையிலும் இருக்கும்.

பசுவுக்குப் பதில் தேங்காய் போதுமாம்,
ஆயிரத்தொன்று வைத்து.
எழுநூறுக்குப் பேசுகிறான் தம்பி கஜபதி.

எனக்குப் பேரேடு ஞாபகம் வருகிறது.
பச்சை மையில் அவர் எழுத்து:
மாட்டுத்தோல் உருப்படி இருநூற்றுப் பன்னிரண்டு.
உப்புக் கழிவு போக,
வால் நீக்கி எடை.

நீக்கின வாலெல்லாம் எங்கேப்பா?
"அதுக்குக் கணக்கு கிடையாதும்மா."

சித்திரகுப்தா, நீயும் கணக்குப்பிள்ளைதான்.
அவர் வந்தால் ஏட்டை அவர் பக்கம் திருப்பி வை.
கூட்டல் தப்பென்றால் சொல்லிவிடுவார்,
தனக்கு எதிராகவே இருந்தாலும்.

எழுநூற்றைம்பதுக்கு முடிந்தது.
கொஞ்சம் தள்ளி
யார் வீட்டு மாடோ
நுரையை மூக்கால் விலக்கிக் குடிக்கிறது.
வாலால் ஈ ஓட்டுகிறது.
அதையே பார்த்து நிற்கிறான் கஜபதி.
எள்ளுத் தண்ணீர்
விரலிடுக்கில் ஒழுகிப் போய்விட்டது.
"மறுபடி ஊத்துங்கோ" என்கிறார் ஐயர்.