அரைப்பேர்

ராத்திரி மழையோடு மழையாக
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு கிடந்திருக்கிறது
காரியாலய லேப்டொப்.
கெர்னல் புதுசு.
காலையில் மூடியைத் திறந்தால்
மூலையில் அந்த வைஃபை விசிறியைக் காணோம்.

நாலு மணிக்குள் செக்ரோல் கொழும்புக்குப் போகவேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
போகாவிட்டால் பத்தாந் தேதி பதின்மூன்றாகும்,
பொகவந்தலாவைக் கடைகளில்
கொப்பிகள் திறந்தபடி காத்திருக்கும்.

ஹெட் ஒஃபிஸ் நிரோஷன் போனில் கேட்டான்:
"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மிஸ்?"
பார்த்தேன்.
"திரும்ப?"
திரும்பவும்.
அதற்குமேல் அவனுக்குப் பாடமில்லை.
லைசன்ஸ் காசை மிச்சம் பிடிக்க லினக்ஸ் போட்டவர்கள்
லினக்ஸ் தெரிந்த ஆளுக்குக் காசு வைக்கவில்லை.
கேபிள் குத்தும் வாய் போன வருஷத்து இடியில் கருகியது.
பற்றரி அதற்கும் முந்தியே செத்தது.

கறுப்புத் திரையைத் திறந்து பெரட்டு வைத்தேன்.
எல்எஸ்பிசிஐ.
ஒவ்வொன்றாக வந்து பேர் சொல்லின.
சத்தம் போடுவது, படம் காட்டுவது,
என்னவென்றே தெரியாத நாலைந்து.
ஏழாவது வரியில் அதுவும் நின்றது,
கம்பனிப் பேர், நம்பர் எல்லாம் சரியாக.
பெரட்டுக்கு வந்திருக்கிறது,
மலைக்கு இறங்கவில்லை.
ஏனென்று டிமெஸ்க்கைக் கேட்டால்
ஆயிரம் வரிப் புலம்பலுக்கு நடுவில் ஒன்று:
ஃபெர்ம்வேர் கிடைக்கவில்லை, பிழை மைனஸ் இரண்டு.

கிடைக்காததை எங்கே எடுப்பது?
நெட்டில்.
நெட்டுக்கு என்ன வேண்டும்?
விடுங்கள்.

ஜன்னலில் பவளக்கொடி.
இடுப்பில் படங்கு, தலையில் உரப்பை,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
"புள்ள, நேத்து எனக்கு முழுப்பேரா, அரையா?"
பதினாறரைக் கிலோ. நோர்ம் பதினெட்டு.
"சிஸ்டம் வேலை செய்யல, பொறகு வாங்க" என்றேன்.
பொய் இல்லை.
ஆனால் விடை என் முழங்கைக்குக் கீழே
தாளில் கிடந்தது.

என் போனுக்கு மூணாம் நம்பர் முடக்கில்தான் சிக்னல்.
முனியாண்டிக் கல்லோடு ஒட்டி நின்றால் இரண்டு கோடு.
குடையோடு ஏறி, ஒரு ஃபைலை இறக்கிக்கொண்டு வந்தேன்.
இன்னொன்று இல்லாமல் உட்காரமாட்டேன் என்றது.
மறுபடி ஏறினேன்.
அந்த இன்னொன்றுக்கும் ஒரு இன்னொன்று இருந்தது.
செருப்புக்குள் வழுக்கியது; பார்த்தால் ரத்தம்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே பேர்:
கணினிக்குள் கவ்வ மறுத்த அட்டை,
என் கணுக்காலில் கவ்விய அட்டை.
இதற்கு உப்பு போதும்.

மூன்றேகாலுக்குத்தான் உறைத்தது.
சுவரில் ரவுட்டர் காலையிலிருந்து பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.
அதன் பாஸ்வேர்டை
துரை வந்து எங்களை வெளியே நிற்கச் சொல்லி
தன் கையால் அடித்துவிட்டுப் போனவர்.
அடித்ததை இது எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டுமே.
தேடினேன்.
பூட்டு இல்லை, மறைப்பு இல்லை,
வெறும் எழுத்தில் துரையின் நாயின் பேர்,
பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

போனில் நாயைக் கூப்பிட்டேன், வாலாட்டியது.
யுஎஸ்பி வயரால் போனையும் லேப்டொப்பையும் முடிந்தேன்.
மூலையில் விசிறி வரவில்லை,
வேறொரு சின்னப் படம் வந்தது.
போதும்.

அட்டை இன்னும் ஏழாவது வரியில்தான் நிற்கிறது,
எட்டு மணியிலிருந்து ஒரு கொழுந்து கிள்ளாமல்.
அதற்கு யாரும் பேர் வெட்டப்போவதில்லை.
நாளைக்கு ஃபெர்ம்வேர் தேடித் தருவேன்,
கெஞ்சுவேன்கூட.

மூன்று நாற்பத்தொன்று.
செக்ரோல் ஏறிக்கொண்டிருந்தது.
பவளக்கொடி திரும்பி வரவில்லை.
இருநூற்று நாற்பதாவது வரியில்
நான் அடித்த புள்ளி ஐந்து
மற்றவர்களோடு வரிசையாக
மலையிறங்கிப் போனது.