மேற்குப் பக்கத்து மணி

போர்ட் எல்ஸ்வர்த் நகர மண்டபத்துக்கு
நான்கு முகக் கோபுரம்.
கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்றும் ஓடும்.
மேற்கில் இருப்பது படம்.

பலகை வட்டம், கறுப்பில் ரோம எண்கள்,
முள் இரண்டும் தூரிகையால்.
அதைத் திரும்பத் தீட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்,
வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பவனை,
மூன்று விலைக்கோரலில் மலிவானவனை.

நூற்று அறுபது வருடத்துக்கு முன்
இந்த ஏரிக்கரை ஊர்
தலைநகராகிவிடுவோம் என்று நம்பியது.
இருந்ததோ நாலாயிரம் பேர்;
மண்டபம் நாற்பதாயிரம் பேருக்கு.
ரயில் வரும் என்று கடன் வாங்கினார்கள்.
ரயில் வந்தது,
வடக்கே ஏழு மைல் தள்ளி.
கடைசித் தவணையைக் கட்டியவர்கள்
அஸ்திவாரம் தோண்டியபோது பிறந்தேயிருக்கவில்லை.

காசு குறையக் குறைய
கட்டடக்காரர் ஜோசையா கிரீவ்ஸ்
கல்லைக் கைவிட்டார்.
முகப்பின் ஆறு தூண்களையும் தட்டிப் பாருங்கள்:
பைன் மரம்.
ஈரப் பெயின்ற்றில் மணலை விசிறி
கல்லென்று நம்பவைத்த மரம்.
வழக்குமன்றத்துச் சலவைக்கல்லில் ஓடும் நீல நரம்புகள்
கோழி இறகால் இழுத்தவை.
நிலவறையில் மூன்று சிறைக் கூடுகள் மட்டும்
அசல் சுண்ணாம்புக்கல், இரண்டடிக் கனம்.
அதில் ஒருவரும் சிக்கனம் பார்க்கவில்லை.

ஒருமுறை இடித்துவிட்டுக்
கார் நிறுத்த இடம் விடப் பார்த்தார்களாம்.
அந்தச் சிறைக்கல்லைப் பெயர்க்கும் கூலியைக் கேட்டு
பேசாமல் விட்டுவிட்டார்கள்.

மேற்கே தோல் பதனிடுகிறவர்கள் குடியிருந்தார்கள்.
காற்று அங்கிருந்து அடித்தால்
மண்டபத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்.
நாலாவது கடிகாரத்தின் முறை வந்தபோது
பெட்டி காலி.
"சங்கு ஊத வேலைக்குப் போகிறவனுக்கு
மணி எதற்கு?"
யாரோ சொன்னது
கூட்டக் குறிப்பில் அப்படியே இருக்கிறது,
சாய்ந்த, வடிவான கையெழுத்தில்.

சாரத்தில் ஏறிச் சுரண்டினேன்.
மேல் தோலில் மூன்றே முக்கால்.
அதன் கீழே பதினொன்று,
போர் நின்ற மணியாம்.
அதற்கும் கீழே பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்,
பசித்த எவனோ தீட்டியிருக்கிறான்.
கடைசியில், மரத்தோடு ஒட்டி,
ஒன்பது பத்து.
முதல் ஆள் ஏன் அதை எடுத்தான் என்று
எந்தக் குறிப்பிலும் இல்லை.
முள் இரண்டும் ஒன்றையொன்று மறைக்காது,
அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மரபுக் குழு இரண்டு மாலை கதைத்தது.
திருமதி ஒக்கில்வி பதினொன்று என்றார்;
அந்தப் போருக்கு அவர் வீட்டிலிருந்தும் ஒருவர் போய்த் திரும்பவில்லை.
இளம் பொறியாளர் ஒருவர்
உண்மைக் கடிகாரமே மாட்டலாம், இப்போது மலிவு என்றார்.
மேசை அமைதியாகிவிட்டது.
பிறகு, வேண்டாம் என்று நாலு கை உயர்ந்தது.
"பழையபடியே ஒன்பது பத்து, மிஸ்டர் குலேந்திரன்,"
கடிதம் வந்தது, கறுப்பின் எண்ணையும் குறித்து.

ஒக்டோபர்க் காற்றில் தூரிகை நடுங்கியது.
முதல் ஆள் சின்ன முள்ளை
நேரே ஒன்பதில் நிறுத்தியிருந்தான்.
பத்து நிமிடம் போனால் அதுவும் கொஞ்சம் நகரவேண்டாமா?
தாளில் கணக்குப் போட்டு
ஐந்து பாகை சரித்தேன்.
குழுவுக்குச் சொல்லவில்லை.

பலகையில் மணிக்கட்டை ஊன்றும்போதெல்லாம்
உள்ளே பல்சக்கரம் கடித்துக் கடித்து
மற்ற மூன்றையும் நடத்துவது
கைக்குத் தெரிந்தது.

சாரம் பிரித்த மறுநாள் காலை
மேற்குத் தெரு பஸ் தரிப்பில் நின்றேன்.
தோல் ஆலை இருந்த இடத்தில்
சலவைக்கடை ஒன்று,
எங்களைப் போன்றவர்களின் வாடகை வீடுகள்.
ஃபோன் பைக்குள், கைகள் உறைக்குள்.
பஸ் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

ஒன்பது பத்து.
இன்னும் நேரமிருக்கிறது என்று
ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.