சுமத்தலுக்கு இறந்தகாலம் இல்லை

மேசையில் அகராதியின் மூன்றாம் மெய்ப்பு.
சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி:
எவரும் எழுதிவைக்காதது,
பேத்திகளின் முகம் பார்த்து
நாங்களாக வரைந்த மூதாய் என்று பொருள்.

*ஃபெரோ. சுமக்கிறேன்.
ஃபெரெஸ், ஃபெரெத்,
ஃபெரொமொஸ், ஃபெரெதெஸ், ஃபெரொந்த்.
அதற்கும் முன்பு, எங்கோ மலைகளுக்கு அப்பால்,
முதலெழுத்து மூச்சடைத்த கனத்த பகரம்.
இத்தாலிக்குள் இறங்குவதற்குள் உதடு தளர்ந்து
வெறுங்காற்று.
சுமையைச் சொல்லும் சொல்
தன் சுமையை வழியில் எங்கோ இறக்கிவிட்டிருக்கிறது.

கீழே கூபியோ ஊரே அலறுகிறது. மே பதினைந்து.
மூன்று மரத்தூண்கள், உச்சியில் மூன்று புனிதர்கள்,
தோள் மாறித் தோள் மாறி மலைக்கு ஓடும் நாள்.
தம்பி எவரார்தோ பத்தொன்பது ஆண்டு நீலச்சட்டை.
இன்று சன்னலோரம் நாற்காலியில்,
வலது தோளில் பதினொரு தையல்.

"இன்னும் அதே சொல்லா?"
அதே சொல்தான்.
லத்தீனில் அது 'ஃபெர்த்', நடுவே உயிரெழுத்து இல்லை.
தேய்ந்ததா, தொடக்கத்திலிருந்தே கிடையாதா?
கிடையவே கிடையாது என்கிறார் மொரெத்தினி.
எட்டு ஆண்டாக எங்களுக்குள் பேச்சும் கிடையாது.
மர்ருசீனியர் வெண்கலத்தில்
'ஃபெரெத்' என்று முழுசாக இருக்கிறதே என்றால்
சிரிக்கிறார்.
நம்மூர்ப் பலகையிலும் அந்த வினை உண்டு:
'ஃபெரெஸ்த்', சுமப்பான்.
நீ பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்திருப்பாய்.

"சுமப்பான் சரி. சுமந்தான்?"

பேனாவை மூடினேன்.
இந்த வினைக்கு லத்தீனில் சொந்த இறந்தகாலம் இல்லை.
சுமந்து முடித்தவன்
பக்கத்து வினையிடம் கடன் கேட்டான்.
'துலி' என்று கொடுத்தது அது.
அதன் வேருக்குத் தூக்கு என்று பொருள்,
பொறு என்றும்.

"சோம்பேறிகள்," என்றான் எவரார்தோ.
"ஒரு சொல் செய்துகொள்ள முடியாதா?"

அப்போது நீலம் திரும்பியது மூலையில்.
சன்னல் கண்ணாடி அதிர்ந்தது,
என் காபி தட்டில் சிந்தியது.
மருத்துவர் சொன்னதை மறந்து எழுந்தான்.
பிடரி குனிந்தது. முழங்கால் வளைந்தது.
வலது தோள் தானாக ஒரு சாண் தாழ்ந்து
அங்கில்லாத மரத்துக்கு இடம் கொடுத்தது.

கூச்சல் மேலேறி ஓயும்வரை
அப்படியே நின்றான்.

நான் மெய்ப்புக்குத் திரும்பினேன்.
ஏழாம் வரியில் நட்சத்திரம் விட்டுப்போயிருந்தது.
போட்டேன்.