கோட்டின் தடிமன்

இது நான்காவது வரைபடம்.
முதல் மூன்றிலும் ஐரோப்பா வெளிறிய கறை;
எண்கள் எறும்புக்கால்,
பெரிதாக்கினால் பனிமூட்டம்.

இதில் படிக்க முடிகிறது.
ஐம்பது. நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு.
கடைசிச் சிவப்புக் கோடு
ஃபாரோவின் வடகிழக்கு ஓரத்தில்
எங்கள் தீவின் மேலேயே போகிறது.
அடிக்குச்சி வைத்துப் பார்த்தேன்:
கோட்டின் தடிமனே நாற்பது கிலோமீட்டர்.
தீவு மொத்தமும் ஐந்து.

அலைக்கு உள்ளேயா, வெளியேயா?
அச்சு மைக்குள் குடியிருக்கிறோம்.

"தொண்ணூறு சென்டிமீட்டர் தட்டு போதாதா, ரூனி?"
சோல்வாவின் கையுறையெல்லாம் ஆட்டுரோமம்.
சனிக்கிழமை கால்பந்து இருக்கிறது அவளுக்கு.

வரைந்தவர்
தெற்கே நிற்கும் மலையைப் பார்த்ததில்லை.
செயற்கைக்கோள் இங்கே தலைக்கு மேல் இல்லை,
மலையின் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கும்,
அதுவும் கொட்டகைக்குப் பின்னால் நின்றால்தான்.

பெரிய தட்டை அங்கே நட்டேன்.
ஒரு நூலளவு திருப்பினேன்.
மீட்டர் முனகியது,
நின்றது,
கிடா ஒன்று முன்னால் வந்து நின்றிருந்தது.
விரட்டினோம். படம் வந்தது.

இரவு பென்சிலைக் கூராகச் சீவி
அந்தச் சிவப்புக்குள் ஒரு புள்ளி வைத்தேன்.
பக்கத்தில் எழுதினேன்:
நூற்றிருபது சென்டிமீட்டர்.
மழையில் போகும்.