முந்நூற்று நாற்பதாம் வரி

ரப்பர் விசைகள் நாற்பது. அதில் ஏழு அமுங்கவில்லை.
எண்பத்தைந்தில் துபாயிலிருந்து வந்த கம்ப்யூட்டராம்.
தெர்மோகோல் மீன்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார் கிளாட்சன்,
மூடியில் இன்னும் கணவாய் வாடை.
"கேசட்டு போட்டு ஓட்டுற சாதனம் பிள்ள.
இனி அந்த இழவு வேண்டாம், சின்ன கார்டுல ஏத்தித் தா.
புது ஆபீசுல கண்ணாடிக்குள்ள வைக்கணும்,
அப்பா கணக்குப் பாத்த மெஷினுல்லா."

திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை,
ஆறடிக்கு எட்டடி.
டேப்பின் தலையை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.
கேசட்டில் நீலப் பேனா: ஸ்டெல்லா, பங்குக் கணக்கு.

ஓடவிட்டால் நீண்ட ஒற்றைச் சீழ்க்கை,
பிறகு கொதியெண்ணெயில் ஈரமீன்.

திரையில் அலையாக விரித்துப் பார்த்தேன்.
நாலாம் நிமிடத்தில் கோடுகள் நெருங்கிக் கீச்சிடுகின்றன.
நாடாவில் பழுதில்லை. அது ஐஸ் கம்பெனி.
குளச்சலில் ராத்திரி ஏழுக்கு கம்ப்ரசர் கிளம்பினால்
தெருவே மங்கும்,
பதிந்துகொண்டிருந்த மோட்டாரும் அன்று தளர்ந்திருக்கிறது.
நெருங்கியதை இழுத்து நேராக்கினேன்.
ஐஸ் கம்பெனி போயிற்று. கணக்கு மிஞ்சியது.

அன்று இது ஏற ஐந்து நிமிடம்.
வெளியே படிக்கட்டில் பதினோரு பேர்.
என் அப்பா கிளீட்டஸும் அதில்,
அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு
இந்தக் கீச்சல் நிற்பதற்காக.
நின்றால் பங்கு.
இப்போது கார்டைச் செருகினால்
இமை மூடுமுன் வந்துவிடுகிறது.

சரியாக ஏறியதா என்று வரிகளைப் பட்டியலிடச் சொன்னேன்,
வேறொன்றுக்கும் இல்லை.
340: பங்கில் ரூபாய்க்குக் கீழுள்ளதை வெட்டு.
350: வெட்டியதை எம்மில் சேர்.
எம்மைக் காகிதத்தில் அச்சிடு என்று ஒரு வரி இருக்கும்,
கடைசி வரி வரைக்கும் தேடினேன்.
இல்லை.

நாடா அரித்திருக்கும்.
ஒரு துளி உதிர்ந்தால் ஓர் எழுத்து மாறும்,
அதற்குத்தான் வாலில் ஒரு சரிபார்ப்பு எண்.
கூட்டினேன், பொருந்தியது.
பொருந்தாமல் போகட்டும் என்று இன்னொரு தடவை கூட்டினேன்.
பொருந்தியது.

'ஓட்டு' என்றால் இந்த மெஷின் பழைய எண்களைத் துடைத்துவிடும்.
கேசட் உறையின் உள்மடிப்பில் அதே நீலப் பேனா:
ஓட்டாதே. பத்துக்குப் போ.

நான் ஓட்டவில்லை.
எம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.
மூவாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய், முப்பத்தைந்து காசு.

மாதா திருவிழாவா, மிச்சமா,
மூத்த மகள் மெற்றில்டாளின் கல்யாணமா?
ஓர் எழுத்துக்குள் யாரும் ஒதுங்கி நிற்கலாம்.
அப்பாவுக்குப் போன் போட்டேன்.
டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்:
"முழு ரூபாயாத்தான் தருவாரு மக்கா.
அந்த மெஷினுக்கு சில்லற தெரியாதுல்லா."
சாப்பிட்டியா என்று கேட்டார்.
சாப்பிட்டேன் என்றேன்.

340-ஐத் தொடவில்லை.
பிழையைத் திருத்துவது என் வேலை,
அந்த வரியில் பிழையே இல்லை.

சாயங்காலம் கிளாட்சன் வந்தார்.
செருகிக் காட்டினேன். பிள்ளைபோலச் சிரித்தார்.
"கேசட்ட எறிஞ்சிரவா?"
"உறையோட வச்சுக்குங்க அண்ணே."
பில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
"ரவுண்டா ஆயிரத்தி எண்ணூறு வச்சுக்க பிள்ள."
"சில்லறையும் தாங்க."

சட்டைப்பை, பர்ஸ், பின்பாக்கெட்.
ஒரு ரூபாய் குறைந்தது.
அவர் போனை எடுத்து ஸ்கேன் பண்ணப் பார்த்தார்.
ரொக்கம்தான் என்றேன்.
காருக்குப் போய் இருக்கைக்கு அடியில் குனிந்து தேடினார்.
பஸ் ஸ்டாண்டில் கருங்கல் வண்டி கிளம்பிப் போனது.
நான் காத்திருந்தேன்,
ஐந்து நிமிடம் இருக்கும்.