நாற்பது எழுத்துக்குக் குறையாமல்

போன மார்கழியில் பாலாடா கிடங்கில்
மூன்றாம் வால்வு கசிந்தது.
அரசாங்கத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை
மேனேஜர் ஒரே போனில் முடித்தார்.
யாரோடு பேசினார், எத்தனை மணிக்கு, எந்த விதியைப் பார்த்து,
இன்ஸ்பெக்டர் கேட்டபோது
எங்களிடம் இருந்தது ஒரு கேரட் பில்.
அதன் முதுகில், பென்சிலில், ஓகே.

அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.
கணக்கு பார்க்கிறாய், கம்ப்யூட்டரும் தெரியும்,
நம்ம உள்ளுக்கு மட்டும் சின்னதாய் ஒன்று செய்துவிடு ஹெப்சி.

மூன்று வாரம்
கேரட் கழுவும் மெஷினுக்கு இந்தப் பக்கம்
காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு எழுதினேன்.
என்ன நடந்தது, ஒரு பெட்டி.
எவ்வளவு கசிந்தது, ஒரு பெட்டி, கிலோவில்.
தெரிவிக்க வேண்டும், தேவையில்லை:
இரண்டில் ஒன்றைத் தொடு.
முடிவெடுத்தவர் பெயர்.
காரணம், நாற்பது எழுத்துக்குக் குறையாமல்.

நாற்பது ஏன் என்றார் பெள்ளிராஜ்.
"பிரச்சனை ஒன்றும் இல்லை"
பன்னிரண்டில் முடிந்துவிடுகிறது சார்.
(கொம்பையும் காலையும் தனித்தனியாய் எண்ணுகிற கம்ப்யூட்டருக்கு
நம் எழுத்தை எண்ணச் சொல்லித்தரவே ஒரு நாள் போனது.)
அவர் சிரிக்கவில்லை.
அழிக்கும் பட்டன் எங்கே என்றார்.
வைக்கவில்லை.
திருத்தலாம். பழைய வரி
குறுக்கே கோடு வாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

மூன்றாவதாக "தெரியவில்லை" என்று ஒன்று வைத்திருந்தேன்.
முடிவென்றால் முடிவாக இருக்கணும், அதை எடு.
எடுத்தேன்.
அன்றைக்கு எனக்கு
ஒரு சண்டைக்குத்தான் தெம்பு இருந்தது,
அதைப் பட்டனுக்குச் செலவழித்துவிட்டேன்.

தை நாலு. விடியற்காலை இரண்டே முக்கால்.
வெளியே கேரட் பாத்தியெல்லாம்
உப்பு கொட்டினாற்போல் உறைபனி.
நஞ்சுண்டன் கூப்பிட்டார்.
பெயரில்தான் நஞ்சு குடித்தவர்,
மூக்கு எங்கள் எல்லாரையும்விடக் கூர்மை.
கண்ணு எரியுது மேடம். வால்வை மூடிட்டேன்.
உங்க பெட்டியெல்லாம் நிரப்பிட்டேன்.
முடிவெடுக்கிறவர்னு தொட்டா
உங்க பேரு ஒண்ணுதான் வருது.

சோதனைக்குப் போட்ட பெயர்.
மாற்ற மறந்த பெயர்.
பெள்ளிராஜ் கோத்தகிரியில் கல்யாண வீட்டில்,
போன் அணைந்து கிடந்தது.

எவ்வளவு என்ற பெட்டியில் 4 என்று இருந்தது.
நாலு கிலோவா, நாலு நிமிஷமா?
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
நாலு பேரு மேடம். வேலிக்கு அந்தப் பக்கம்,
லைன் வீட்டுல இருமுறாங்க.
அதை எங்கே எழுதுறது?

இடமில்லை.
அந்தப் பெட்டியை நான் செய்யவே இல்லை.

விதியைத் திறந்தேன்.
இத்தனை கிலோவுக்கு மேல் என்றால், என்றது.
வெளியாட்களுக்குப் பாதிப்பு என்றால், என்றது.
இருமல் பாதிப்பா என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
நான் இங்கே கம்பளிக்குள் இருக்கிறேன்.
என் ஜன்னலில் தைல மரக் காற்று, வேறு வாசனையே இல்லை.

தெரிவிக்க வேண்டும். தொட்டேன்.
காரணத்தில் எழுதினேன்:
நாலு பேர் இருமினார்கள், வேலிக்கு வெளியே.
எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.
முப்பத்தேழு.
இடைவெளியை எண்ணாதே என்று நானே சொல்லிவைத்திருந்தேன்.
பட்டன் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது.
சொல்ல வேறொன்றும் இல்லாமல்
கடைசியில் கையெழுத்துப் போல
ஹெப்சி என்று அடித்தேன்.
நாற்பது.
பச்சை.

காலையில் லாரிகள் வந்தன, ஆபீசிலிருந்து ஜீப்பும் வந்தது.
பெள்ளிராஜ் கல்யாண வேட்டியிலேயே நின்று
திரையை அடிவரை இழுத்துப் படித்தார்,
ஓரங்களில் எதையோ தேடினார்.
பிறகு, முதலில் இந்தப் பெயர்ப் பட்டியலைச் சரிபண்ணு என்றார்.
அவர் பெயரைச் சேர்த்தேன்.
என் பெயரை எடுக்கச் சொன்னாரா என்பது
சரியாகக் கேட்கவில்லை.
மெஷின் சத்தம்.