பின்பக்கத்து இலக்கம்

ஒரே உடம்பு. ஒரே தோல் இருக்கை.
ஒரே நீலம், மழைக்கு முந்திய கடலின் நீலம்.
மூடியைத் தூக்கினால்தான் வேறுபாடு:
இதற்குள் நாலு சிலிண்டர், அதற்குள் ஆறு.

யூனியன் பிளேஸில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
பஸ் ஒன்று கறுப்பாய்ப் புகைந்து நிற்கிறது.
இந்தப்பக்கம் குளிர். இஃபாஸ் தம்பி
தேத்தண்ணியோடு இரண்டு விலைத்தாள்களையும் வைக்கிறார்.
நான் கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கிறேன்; பழக்கம்.
துறைமுகத்தில் இருபத்துமூன்று வருடம்
பிறர் வாகனங்களுக்குச் சுங்கத்தாள் நிரப்பியவள்.
கன சென்டிமீற்றர் ஏற ஏற
வரி எப்படிப் படி தாண்டும் என்று
நித்திரையிலும் சொல்லுவேன்.
இறக்குமதி பூட்டிக் கிடந்த வருடங்களிலும்
அந்தக் கணக்கு மறக்கவில்லை.
எனக்காக ஒரு தாள், இதுதான் முதல்.

ஸ்காபரோவிலிருந்து வாகீசன் எடுக்கிறான்:
"அக்கா, வாங்கிறதெண்டால் ஆறை வாங்கு.
இவ்வளவு காசைக் குடுத்து நாலை எடுக்கிறது
கூறைச்சீலை உடுத்து
றப்பர் செருப்போட கலியாணத்துக்குப் போற மாதிரி."
அவனுக்கு அங்கே பனியும் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையும்.
எனக்கு இங்கே காலி வீதி.

ஆறை முதலில் ஓட்டினேன்.
கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பன்னிரண்டு நிமிடம்.
முந்நூற்றுச் சொச்சக் குதிரைகள்
பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் ஓட்டோவுக்குப் பின்னால்
வாய்மூடி நின்றன.
மரைன் டிரைவில் ஓர் இடைவெளி கிடைத்தது,
கூடினால் இருநூறு மீற்றர்.
மிதித்தேன்.
இருக்கை என் முதுகைப் பிடித்துத் தள்ள
பக்கத்துத் தண்டவாளத்தில்
பாணந்துறைக் கோச்சி பின்னுக்குப் போனது.
சிரித்துவிட்டேன், சத்தமாக.
ஐம்பத்திரண்டு வயதில் அப்படியொரு சிரிப்பு
எனக்குள் எந்த மூலையில் கிடந்ததோ.
அடுத்த சிவப்பு விளக்கில்
கோச்சி எங்களைக் கடந்து போயிற்று.

நாலு:
சத்தமில்லை. குறையுமில்லை.
கேட்டதைச் செய்தது, கேட்காததைச் செய்யவில்லை,
நல்ல லிகிதர் மாதிரி.

இரவு ஹவ்லொக் வீதியால் வரும்போது
அந்தப் பெற்றோல் செட்டைக் கண்டேன்.
வரிசை வருடத்தில் இரண்டு இரவு இங்கேதான் படுத்தேன்,
பழைய காருக்குள், கால் மடக்கி.
எனக்கு முன்னால் ஒரு பெரிய கறுப்புக் கார்.
எட்டு சிலிண்டர் என்று முதுகில் எழுதியிருந்தது.
வரிசை அசையும்போதெல்லாம்
அதன் சொந்தக்காரர் டையைத் தோளில் எறிந்துவிட்டு இறங்கிக்
கதவுச் சட்டத்தில் கைவைத்துத் தள்ளுவார்.
கனம். நகராது.
நானும் ஒரு மீன்லொறிப் பொடியனும் பின்னால் கைகொடுப்போம்.
மூன்று பேர் மூச்சில் எட்டு சிலிண்டர்.
என்னுடையதை நான் தனியாகத் தள்ளினேன்.

அதற்காக நாலை எடுத்தேன் என்றால் பொய்.
பயம் ஒரு பங்கு, கணக்கு ஒரு பங்கு,
மிச்சம் என்னவென்று தெரியாது.
மரைன் டிரைவின் இருநூறு மீற்றர்
இன்னும் முள்ளந்தண்டில் கிடக்கிறது.

கையெழுத்துப் போட்டதும் இஃபாஸ் குரலைத் தாழ்த்தினார்:
"மேடம், பின்னால உள்ள நம்பரக் கழட்டித் தரலாம்.
நெறையப் பேர் கழட்டுற. அதுக்குச் சல்லி எடுக்கிறல்ல.
என்ஜின் சின்னது எண்டு ஒத்தருக்கும் வெளங்காது."

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.
"ஒளிச்சு வைக்கிறதுக்கு அது என்ன கள்ளச்சரக்கா?"
நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

பிறகு வாகீசனுக்குப் படம் எடுத்தேன்:
முன்விளக்கு, வெள்ளிச் சல்லடை, மல்லிகை மாலை,
சில்லுக்கடியில் தேசிக்காய்.
"பின்பக்கமும் ஒண்டு அனுப்பு" என்று பதில் வந்தது.

பற்றரி முடியப்போகுது என்று எழுதினேன்.
எண்பத்தொரு வீதம் இருந்தது.